ஸ்பானிஷ் சப்ஜங்க்டிவ் படிக்கப் போகிறீர்களா? ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்

ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகிற இடம் ஒன்று உண்டென்றால் அது சப்ஜங்க்டிவ் என்கிற வினை வடிவம்தான். ஏ1, ஏ2 என்கிற தொடக்க நிலைகள் கடகடவென்று ஓடிவிடும். பி1 என்கிற இடைநிலை தொடங்கியதும் ஒரு பட்டியல் வந்து நிற்கும்: ஆசை, சந்தேகம், உணர்ச்சி, மறுப்பு, கட்டளை, பரிந்துரை. இவற்றுக்குப் பின்னால் வரும் வினைச்சொல்லின் வால் மாறும் என்பார்கள். பட்டியலை உருப்போடுவோம். பேச வாயைத் திறந்தால், எந்த வகை என்று யோசிப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். அந்தப் பட்டியலோடு நெடுநாள் மல்லுக்கட்டியவன் என்கிற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்தப் பட்டியல் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காகத் தயாரானது. அவர்கள் மொழியில் இந்த வேறுபாடு கிட்டத்தட்ட தேய்ந்துபோய்விட்டது, அதனால் அவர்களுக்குப் பட்டியல் தேவை. தமிழில் இது இன்னும் தெளிவாக இருக்கிறது, வேறு உருவத்தில். யாரோ என்பதற்கும் யாராவது என்பதற்கும் வித்தியாசம் தெரிந்தவருக்கு சப்ஜங்க்டிவில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆங்கில வழியாகச் சுற்றிப் போகிறதால்தான் அது மறந்துபோகிறது.

ஸ்பானிஷ் வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்கு. ஸ்பானிஷில் வி-யும் பி-யும் ஒரே ஒலி, எச் எழுத்துக்கு ஒலியே கிடையாது. 'பெங்கா', 'ஆப்லா' என்றெல்லாம் எழுதியிருப்பது அதனால்தான். சரியான எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்து நோட்டில் நீங்களே எழுதுங்கள். அப்படி எழுதும்போதே பாதி மனதில் நின்றுவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டே விஷயங்கள். நிகழ்காலத்தில் 'நான்' வடிவம் தடுமாறாமல் வர வேண்டும்: தெங்கோ, ஆகோ, தீகோ, சால்கோ, கொனோஸ்கோ. இறந்தகாலத்தில் 'அவர்கள்' வடிவம் வர வேண்டும்: துபியேரோன், இசியேரோன், ஃபுவேரோன். சப்ஜங்க்டிவின் கிட்டத்தட்ட எல்லா வடிவங்களும் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கின்றன. இவை தகராறு செய்தால் ஒரு வாரம் இதற்கே ஒதுக்குங்கள், அப்புறம் மேலே போகலாம்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக எதுவும் இல்லை. ஸ்பெயினின் ராயல் அகாடமியின் அகராதி இணையத்தில் இலவசம். ஒரு வினையைத் தேடினால் அதன் எல்லா வடிவங்களும் அட்டவணையாக வரும். அங்கி என்ற மனப்பாட அட்டைச் செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. ஸ்பானிஷைப் பரப்பும் ஸ்பெயின் அரசு நிறுவனமான இன்ஸ்டிடூட்டோ செர்பாந்தெஸ் தன் பாடத்திட்டத்தை முழுசாக இணையத்தில் போட்டிருக்கிறது. எந்த நிலையில் எது வரும் என்று சந்தேகம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

காசு செலவழிப்பதானால் பேச ஓர் ஆளுக்குச் செலவழியுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஆன்லைனில் ஒரு ஆசிரியர் போதும். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்: விதி விளக்க வேண்டாம், நான் பேசுகிறேன், வால் தப்பானால் நிறுத்தித் திருத்துங்கள், அவ்வளவுதான் என்று. இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரமும் அதே பட்டியலைத் திரும்பக் கேட்பதில் போய்விடும்.

2. வடிவத்தை முதலில் வாயில் ஏற்றுங்கள்

'நான்' வடிவத்தை எடுங்கள். கடைசி 'ஓ'வை வெட்டுங்கள். 'ஆர்' என்று முடிகிற வினைக்கு 'எ' வரிசை, 'எர்', 'ஈர்' என்று முடிகிறவற்றுக்கு 'அ' வரிசை. வழக்கமாக வருகிற உயிரெழுத்துக்கு நேர்மாறு. கீழே நான், நீ, அவர், நாம், அவர்கள் என்ற வரிசை.

ஆப்லார் (பேசு): ஆப்லே, ஆப்லெஸ், ஆப்லே, ஆப்லேமோஸ், ஆப்லென்.
கோமேர் (சாப்பிடு): கோமா, கோமாஸ், கோமா, கோமாமோஸ், கோமான்.
தெனேர் (வைத்திரு): தெங்கா, தெங்காஸ், தெங்கா, தெங்காமோஸ், தெங்கான்.

பெரும்பாலும் ஸ்பெயினில் புழங்கும் 'போசோத்ரோஸ்' (பலரை நெருக்கமாக அழைக்கும் 'நீங்கள்') வடிவத்தை விட்டுவிட்டேன். லத்தீன் அமெரிக்காவுக்காகப் படிக்கிறவர்கள் அதைப் புரிந்துகொண்டால் போதும். ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் சேர்த்துப் படிக்கத்தான் வேண்டும்.

ஆறு வினைகள் இந்த வழியில் வராது, நேராக மனப்பாடம்தான்: சேர் என்பது சேஆ, எஸ்தார் என்பது எஸ்தே, இர் என்பது பாயா, அபேர் என்பது ஆயா, சபேர் என்பது சேபா, தார் என்பது தே. தினமும் அதிகம் வாயில் வருகிற வினைகளும் இவைதான், அதனால் சீக்கிரமே பழகிவிடும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது எழுத்து. பூஸ்கார் (தேடு) என்பது பூஸ்கே ஆகும்போது காதுக்கு 'க' ஒலி அப்படியே இருக்கும், ஆனால் எழுத்தில் 'சி' போய் 'கியூ-யூ' வரும். யேகார் (வந்து சேர்) என்பது யேகே ஆகும்போது 'ஜி'க்குப் பக்கத்தில் ஒரு 'யூ' சேரும். பேச்சில் இது தெரியவே தெரியாது, எழுத்துத் தேர்வில் மாட்டிவிடும். இரண்டாவது, நடுவில் உயிரெழுத்து மாறுகிற வினைகள். போதேர் (முடி) என்பதில் 'நாம்' வடிவத்தில் மாற்றம் இல்லை: புவேதா, ஆனால் போதாமோஸ். 'ஈர்' வினைகளில் மட்டும் 'நாம்' வடிவமும் மாறும்: தோர்மீர் (தூங்கு) என்பது துர்மாமோஸ், பெதீர் (கேள்) என்பது பிதாமோஸ்.

3. 'வேண்டும்' வாக்கியத்தில் தொடங்காதீர்கள், கட்டளையில் தொடங்குங்கள்

பாடப்புத்தகங்கள் 'நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்' மாதிரி வாக்கியத்தில் ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால் அது தப்பான வாசல். நாள் முழுக்க எத்தனை தடவை அப்படிப் பேசுகிறோம்?

தமிழில் 'வா' வேறு, 'வாங்க' வேறு. ஸ்பானிஷிலும் அப்படித்தான்: நண்பனுக்கு 'பென்', மரியாதைக்கு 'பெங்கா'. அந்த 'பெங்கா' சப்ஜங்க்டிவ். மரியாதையாகச் சொல்லும் எல்லாக் கட்டளைகளும் சப்ஜங்க்டிவ்தான். பாசே (உள்ளே வாங்க), எஸ்பேரே உன் மொமென்தோ (கொஞ்சம் இருங்க), ஃபீர்மே அகீ (இங்கே கையெழுத்துப் போடுங்க). கொலம்பியாவில் ஒரு கடை வாசலில் நின்றால் 'சீகா' என்று உள்ளே கூப்பிடுவார்கள். ஸ்பெயினில் போனை எடுத்ததும் 'தீகா' அல்லது 'தீகாமே' என்பார்கள், 'சொல்லுங்க' என்று நாம் எடுப்பதேதான்.

அடுத்து, 'செய்யாதே' என்று சொல்ல வேண்டுமென்றால் நண்பனோ பெரியவரோ எல்லாருக்கும் சப்ஜங்க்டிவ்: நோ பாயாஸ் (போகாதே), நோ தே பிரெயொகூபெஸ் (கவலைப்படாதே), நோ மே தீகாஸ் (சும்மா சொல்லாதே, அப்படியா!). இந்தக் கடைசி ஒன்றை அரட்டையில் நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கலாம்.

அதோடு வாழ்த்து. தமிழில் 'வாழ்க' என்கிற வியங்கோள் ஸ்பானிஷில் 'பீபா'. செப்டம்பர் 15 இரவு மெக்சிகோ ஜனாதிபதி மாளிகை மாடத்தில் நின்று 'பீபா மெஹிகோ' என்று முழங்குவதும் நம் மேடைகளின் 'வாழ்க'வும் ஒரே இலக்கணம்தான். பேச்சுத் தமிழில் 'அட்டும்' போடுகிற இடமெல்லாம் 'கே' போட்டு சப்ஜங்க்டிவ்: கே பெங்கா (அவன் வரட்டும்), கே தே மெஹோரெஸ் (உடம்பு சீக்கிரம் சரியாகட்டும்), கே தெஸ்கான்செஸ் (நன்றாக ஓய்வெடு). 'ஒஹலா' (அப்படியே நடக்கட்டும்) என்ற சொல் வந்தால் யோசிக்கவே வேண்டாம், பின்னால் சப்ஜங்க்டிவ்தான்.

இரண்டு வாரம் இவற்றை மட்டும் புழங்குங்கள். வடிவம் வாயில் படிந்துவிடும்.

4. தமிழை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஸ்பானிஷ் வாக்கியம் ஒன்று சொல்லப் போகிறீர்கள், சப்ஜங்க்டிவா இல்லையா என்று சந்தேகம். அதைத் தமிழில், இயல்பாகப் பேசுகிற தமிழில், ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கீழே உள்ளவற்றில் எது வருகிறது என்று கவனியுங்கள்.

'என்று சொல்கிறான்' வருகிறதா, 'வரச் சொல்கிறான்' வருகிறதா? 'நீ வருகிறாய் என்று சொல்கிறான்' என்பது தகவல்: தீசே கே பியேனெஸ். 'உன்னை வரச் சொல்கிறான்' என்பது ஏவல்: தீசே கே பெங்காஸ். ஸ்பானிஷில் வினையின் வால் ஒன்றுதான் வித்தியாசம். ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் இந்த ஜோடியில் தடுக்கி விழுவார்கள், நமக்கு இரண்டும் வெவ்வேறு வாக்கிய அமைப்பு.

செய்கிறவர் ஒருவரா, இருவரா? 'நான் போக ஆசைப்படுகிறேன்' என்றால் ஆசையும் பயணமும் ஒருவருடையதே: கியேரோ இர். 'நீ போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்' என்றால் ஆசை எனக்கு, பயணம் உனக்கு: கியேரோ கே பாயாஸ். தமிழில் 'வேண்டும் என்று' நுழைந்த இடத்தில் ஸ்பானிஷில் 'கே' நுழைகிறது.

யாரோவா, யாராவதா? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. 'தமிழ் பேசுகிற யாரோ இங்கே இருக்கிறார்' என்றால் ஆள் இருக்கிறார், பெயர்தான் தெரியாது: ஆய் ஆல்கியென் கே ஆப்லா தமீல். 'தமிழ் பேசுகிற யாராவது வேண்டும்' என்றால் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே தெரியாது: நெசெசீதோ ஆ ஆல்கியென் கே ஆப்லே தமீல். 'தமிழ் பேசுகிறவர் யாரும் இல்லை' என்றாலும் சப்ஜங்க்டிவ்: நோ ஆய் நாதியே கே ஆப்லே தமீல். வீடு தேடும்போதும் இதே கதை. 'லிஃப்ட் உள்ள வீடு ஏதாவது தேடுகிறேன்' என்றால் பூஸ்கோ உன் பீசோ கே தெங்கா அசென்சோர். 'லிஃப்ட் உள்ள வீட்டில் இருக்கிறேன்' என்றால் பீபோ என் உன் பீசோ கே தியேனே அசென்சோர். இலக்கணப் புத்தகங்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதும். 'யாராவது, ஏதாவது, எங்கேயாவது' வந்தால் சப்ஜங்க்டிவ், 'யாரோ, ஏதோ, எங்கேயோ' வந்தால் இல்லை. இதைச் சொன்னால் தமிழருக்கு ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

'ஆலும்' வருகிறதா? 'என்ன நடந்தாலும்' என்பது பாசே லோ கே பாசே. 'மழை பெய்தாலும் போவோம்' என்பது அவுங்கே யுவேபா, இரேமோஸ். 'மழை பெய்கிறது, ஆனாலும் போகிறோம்' என்பது அவுங்கே யுவேபே, பாமோஸ். முதலில் மழை வரலாம், வராமலும் போகலாம். இரண்டாவதில் ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. 'என் தம்பியாகவே இருந்தாலும் மன்னிக்க மாட்டேன்' என்று சொல்லும்போது அவன் தம்பிதான் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் 'ஆலும்' போடுகிறோம். ஸ்பானிஷும் அங்கே சப்ஜங்க்டிவே போடும்: அவுங்கே சேஆ மி எர்மானோ.

'வந்தது, வருவது, இருப்பது' என்று பெயர்ச்சொல் மாதிரி ஆகிறதா? இந்த இடத்தில் பழைய விதி ஒன்றை மறக்க வேண்டும். 'நடக்காததற்கு சப்ஜங்க்டிவ், நடந்ததற்கு இண்டிகேட்டிவ் (சாதாரண வடிவம்)' என்று பலர் சொல்லிக்கொடுப்பார்கள். அது பாதிதான் சரி. 'நீ இங்கே இருப்பது எனக்குச் சந்தோஷம்' என்பதில் ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், இருந்தும் மே அலேக்ரா கே எஸ்தேஸ் அகீ, சப்ஜங்க்டிவ். காரணம், அவர் இருக்கிறார் என்பதை யாருக்கும் செய்தியாகச் சொல்லவில்லை. இருப்பதைப் பற்றி நம் மனதைச் சொல்கிறோம். 'நீ வருவது முக்கியம்', 'நீ சொல்வது விசித்திரம்', 'அவன் போனது வருத்தம்' எல்லாம் இந்த வகை. விதிவிலக்கு: உண்மை, நிச்சயம், தெளிவு என்கிற சொற்கள். அங்கே தகவலைத்தான் முன்வைக்கிறோம், அதனால் எஸ் பெர்தாத் கே எஸ்தாஸ் அகீ. சந்தேகம் வந்தால் 'என்பது' போட்டுப் பாருங்கள். 'நீ வந்தாய் என்பது உண்மை' சரளமாக வருகிறது. 'நீ வந்தாய் என்பது சந்தோஷம்' நாக்கில் ஒட்டுகிறது. ஒட்டினால் சப்ஜங்க்டிவ்.

நினைப்பது, நம்புவது பற்றி ஒரே வரி. 'நினைக்கிறேன்' என்றால் சாதாரண வடிவம் (கிரேயோ கே பியேனே), 'நினைக்கவில்லை' என்றால் சப்ஜங்க்டிவ் (நோ கிரேயோ கே பெங்கா).

பாரா கே (அதற்காக), ஆந்தெஸ் தெ கே (அதற்கு முன்), சின் கே (அது நடக்காமல்), ஆ மேனோஸ் கே (அப்படியில்லாவிட்டால்): இந்த நான்கும் எப்போதும் சப்ஜங்க்டிவ்தான், சோதனை தேவையில்லை.

5. தமிழ் காலைவாரும் இடங்கள்

மூன்று இடங்களில் மேலே சொன்ன சோதனை உதவாது. இவற்றைத் தனியாகப் பழகினால்தான் உண்டு.

குவாந்தோ (எப்போது, -போது, -தும்). 'வீட்டுக்குப் போனதும் சாப்பிடுவேன்' என்ற ஒரே தமிழ் வாக்கியம் தினசரி வழக்கத்தையும் சொல்லும், இன்றைக்கு இனிமேல் செய்யப் போவதையும் சொல்லும். ஸ்பானிஷில் அவை இரண்டு. வழக்கம்: குவாந்தோ யேகோ ஆ காசா, கோமோ. இனிமேல்: குவாந்தோ யேகே ஆ காசா, கோமேரே. 'போனதும்' என்பது பார்க்க இறந்தகாலம் மாதிரி இருப்பதால் இறந்தகால வடிவத்தைப் போட்டுவிடவும் கை துறுதுறுக்கும், போடாதீர்கள். அந்த விஷயம் இன்னும் நடக்கவில்லை என்றால் சப்ஜங்க்டிவ். ஆஸ்தா கே (வரைக்கும்), என் குவாந்தோ (உடனே) இரண்டுக்கும் இதே கணக்கு.

சி (-ஆல்). 'ஆலும்' சப்ஜங்க்டிவ் என்று படித்த கையோடு 'ஆல்' என்பதும் அப்படித்தான் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. 'சி'க்குப் பிறகு நிகழ்கால சப்ஜங்க்டிவ் ஒருபோதும் வராது. 'நீ வந்தால் சமைக்கிறேன்' என்பது சி பியேனெஸ், கோசீனோ. தேர்வுத் தாள்களில் இதை ஒரு தேர்வாகக் கொடுத்துக் கண்ணி வைப்பது வாடிக்கை.

'ஒருவேளை'. தமிழில் ஒரே சொல், ஸ்பானிஷில் இரண்டு முகாம். கிசாஸ், தால்பெஸ் என்றால் பெரும்பாலும் சப்ஜங்க்டிவ், இண்டிகேட்டிவும் வரலாம். ஆ லோ மெஹோர் என்றால் இண்டிகேட்டிவ் மட்டும். ஸ்பெயினில் பேச்சுவழக்கில் வரும் 'இகுவால்' என்பதும் இந்த இரண்டாவது முகாமில்தான்.

பள்ளியிலோ கல்லூரியிலோ பிரெஞ்சு எடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. மார்க்குக்காக எடுத்திருந்தாலும் சில பழக்கங்கள் உள்ளே இருக்கும். பிரெஞ்சில் 'நம்பிக்கையோடு எதிர்பார்க்கிறேன்' என்பதற்குப் பிறகு சாதாரண வடிவம் வரும், ஸ்பானிஷில் 'எஸ்பேரோ கே'க்குப் பிறகு சப்ஜங்க்டிவ்: எஸ்பேரோ கே எஸ்தேஸ் பியென். பிரெஞ்சில் 'எப்போது'க்குப் பிறகு எதிர்காலம் வரும், ஸ்பானிஷில் அங்கே எதிர்காலம் போட்டால் கேட்பவருக்கு முகம் சுளிக்கும்.

6. ஒரு துண்டுச்சீட்டைப் படித்துப் பார்ப்போம்

பகிர்ந்து தங்கும் வீடுகளில் ஃப்ரிட்ஜ் மேல் இப்படி ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்:

'குவாந்தோ சால்காஸ், சியேர்ரா லா யாபே தெல் காஸ். இ நோ தேஹெஸ் லா பென்தானா அபியேர்தா, கே இகுவால் யுவேபே. கே தெங்காஸ் புவென் தீயா.'

வெளியே போகும்போது கேஸை மூடு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதே, மழை வந்தாலும் வரும், நல்லபடியாக இருக்கட்டும் இன்றைய நாள்.

இதில் ஐந்து வினைகள். 'சால்காஸ்' சப்ஜங்க்டிவ், ஏனென்றால் இன்னும் வெளியே போகவில்லை. 'சியேர்ரா' இல்லை, நண்பனுக்கான நேர்க்கட்டளை. 'நோ தேஹெஸ்' சப்ஜங்க்டிவ், 'செய்யாதே' வகை. 'யுவேபே' இல்லை, முன்னால் 'இகுவால்' இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள 'கே'யைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது வெறும் 'ஏன்னா'. கடைசி 'கே' வேறு, அது வாழ்த்து, அதனால் 'தெங்காஸ்'. ஒரே சீட்டில் இரண்டு 'கே', ஒன்றுக்குப் பின் சாதாரணம், இன்னொன்றுக்குப் பின் சப்ஜங்க்டிவ். 'கே வந்தால் சப்ஜங்க்டிவ்' என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் இந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

வாட்ஸ்அப் செய்தி, கடை அறிவிப்பு, வாடகை விளம்பரம் என்று கண்ணில் படுகிற எல்லாவற்றிலும் இப்படி வினைகளைக் கிள்ளிப் பாருங்கள். பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்ட இடம் நிரப்புவதைவிட இது வேகமாக ஏறும்.

7. இறந்தகால வடிவம்: அவசரப்படாதீர்கள்

நிகழ்கால வடிவம் யோசிக்காமல் வருகிற வரை இதைத் தொடாதீர்கள். செய்முறை சுலபம். 'அவர்கள்' இறந்தகால வடிவத்தில் 'ரோன்' எடுத்துவிட்டு 'ரா' போடுங்கள். துபியேரோன் துபியேரா ஆகும், ஃபுவேரோன் ஃபுவேரா ஆகும், இசியேரோன் இசியேரா ஆகும். விதிவிலக்கே கிடையாது. 'ரா'வுக்குப் பதில் 'சே' போட்ட வடிவமும் உண்டு. படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும், பேச 'ரா' ஒன்றே போதும்.

எங்கே வரும்? முதன்மை வினை இறந்தகாலமானால் சப்ஜங்க்டிவும் கூடவே இறந்தகாலம் ஆகும்: கேரீயா கே பினியேராஸ் (நீ வர வேண்டும் என்று விரும்பினேன்). 'மாதிரி' என்று வந்தால் எப்போதும் இதுதான்: கோமோ சி ஃபுவேரா (ஏதோ அவர்தான் என்கிற மாதிரி). பிறகு, நடக்க வாய்ப்பில்லாத 'ஆல்'. 'என்னிடம் பணம் இருந்தால் ஊர் சுற்றுவேன்' என்று பணமே இல்லாதவன் சொல்வது: சி துபியேரா தினேரோ, பியஹரீயா. தமிழில் 'இருந்தால்' என்பது இருக்கலாம் என்பதற்கும் இல்லவே இல்லை என்பதற்கும் பொதுவாகப் புழங்கும். ஸ்பானிஷில் முதலாவதற்கு 'தெங்கோ', இரண்டாவதற்கு 'துபியேரா'. 'நீ வந்திருந்தால்' என்று முடிந்துபோன கதைக்கு சி உபியேராஸ் பெனீதோ.

பாஸ்க் பகுதியிலும் புர்கோஸ் பக்கமும் போனால் 'சி தெந்த்ரீயா' என்று உள்ளூர்க்காரர்களே சொல்வார்கள். அது அந்த வட்டாரப் பேச்சு. தேர்வில் எழுதினால் தப்பு.

கடையில், அலுவலகத்தில் 'கிசியேரா' (வேண்டும், மரியாதையாக) என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் குரலே மாறும். இந்த ஒரு வடிவத்தை மட்டும் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

8. எவ்வளவு காலம் ஆகும்?

தினம் அரை மணி நேரம், வாரம் ஒரு பேச்சு வகுப்பு என்ற கணக்கில்: வடிவமும் கட்டளையும் இரண்டு மூன்று வாரம். தமிழ்ச் சோதனைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். தமிழ் காலைவாரும் மூன்று இடங்களுக்கும் சேர்த்து இரண்டு வாரம். இறந்தகால வடிவத்துக்கு ஒரு மாதம். ஆக மூன்று, நான்கு மாதத்தில் எழுதும்போது சரியாக வரும். பேசும்போது தானாக வர அதைவிட அதிகம் பிடிக்கும், அதை நினைத்து மனம் தளர வேண்டாம். சப்ஜங்க்டிவ் தப்பினாலும் சொல்ல வந்தது பெரும்பாலும் புரிந்துவிடும், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அங்கி அட்டையில் தனி வினையைப் போடாதீர்கள். முன்பக்கம் முழுத் தமிழ் வாக்கியம், பின்பக்கம் முழு ஸ்பானிஷ் வாக்கியம். யாரோ, யாராவது ஜோடியை அடுத்தடுத்த அட்டைகளாக வையுங்கள்.

9. சான்றிதழ் தேவையென்றால்: எந்தத் தேர்வு, என்ன ஆவணம்

வேலைக்கோ படிப்புக்கோ சான்றிதழ் கேட்டால் பெரும்பாலும் தேலே அல்லது சியேலே. ஸ்பெயின் கல்வி அமைச்சின் பெயரில் இன்ஸ்டிடூட்டோ செர்பாந்தெஸ் தருவது தேலே. அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் புது டெல்லியில் கிளை இருக்கிறது. தேலே சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. நிலையை முன்கூட்டியே நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், தேறினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சியேலே கணினியில் எழுதுவது. தேர்ச்சி, தோல்வி கிடையாது, 1000-க்கு எத்தனை புள்ளி என்று வரும். அவசரமாகத் தேவைப்பட்டால் சியேலே, அதன் முடிவு மூன்று வாரத்துக்குள் வந்துவிடும். தேலே முடிவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக் கெடு இருப்பவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் சேர்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

நிகழ்கால சப்ஜங்க்டிவ் பி1-இல் வந்துவிடும். பி2-வில் இறந்தகால வடிவமும் வேண்டும். பி2 வாசிப்புத் தாளின் நான்காம் பகுதியில் ஒரு பத்தியில் 14 இடங்கள் காலியாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மூன்று தேர்வுகள். சப்ஜங்க்டிவை நேரடியாக உரசிப் பார்க்கும் இடம் அது. வாசிப்பும் எழுத்தும் ஒரு குழு, கேட்பதும் பேசுவதும் இன்னொரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் 50 மதிப்பெண், இரண்டிலும் தனித்தனியாக 30 எடுக்க வேண்டும். ஒன்றில் அள்ளிக் குவித்து மற்றதை ஈடுகட்ட முடியாது. எழுத்துத் தாளில் கடிதம் வரும், அதற்கு 'லே அக்ரதெசெரீயா கே மே எம்பியாரா' (அனுப்பி உதவினால் நன்றியுடையவனாக இருப்பேன்) என்ற வரியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மரியாதையும் வரும், இறந்தகால சப்ஜங்க்டிவும் வரும்.

கட்டணம் நாட்டுக்கு நாடு, நிலைக்கு நிலை மாறும், பல ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டும் முன் தேதி மாற்றம், பணம் திரும்பப் பெறுவது பற்றிய விதிகளைப் படியுங்கள். பதிவு தேர்வுக்குப் பல வாரம் முன்பே மூடிவிடும், கடைசி நாள் வரை காத்திருந்தால் உங்கள் மையத்தில் இடம் இருக்காது.

ஆவணம் ஒன்றே ஒன்றுதான், பாஸ்போர்ட். ஆனால் நம்மவர்களுக்கு அதில்தான் சிக்கல். ஸ்பானிஷ் படிவங்கள் பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனிக் கட்டத்தில் கேட்கும், ஸ்பெயின்காரர்களுக்குக் குடும்பப் பெயரே இரண்டு. நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, அல்லது அப்பா பெயர் அதில் இருக்கும், மார்க் ஷீட்டில் இன்ஷியல் மட்டும் இருக்கும். பழக்கதோஷத்தில் இன்ஷியலைப் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் பணம் கட்டும் முன்பே மையத்துக்கு மின்னஞ்சல் எழுதி, எப்படி நிரப்ப வேண்டும் என்று கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் ஒரு பெயரும் விசா விண்ணப்பத்தில் இன்னொரு பெயரும் இருந்தால் பின்னால் திருத்துவது பெரிய தலைவலி. தேர்வன்று பதிவில் கொடுத்த அதே அசல் ஆவணத்தை எடுத்துப் போங்கள், போட்டோகாப்பியை நம்பிப் போகாதீர்கள். பேச்சுத் தேர்வு வேறு நாளில் வைக்கலாம், அதனால் ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை நேரம் உறுதியான பிறகே போடுங்கள்.